விடுப்பில் வந்த ரிவால்வர்

மஹீராவுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயம்.

பூந்தமல்லி நீதிமன்றத்துக்குப் போகும் சாலையில் ஆறடி அகலக் கடை ஒன்றில் உட்கார்ந்து மனுவும் பிரமாணப் பத்திரமும் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. பத்தொன்பது வயதில் தட்டச்சு இயந்திரத்தில் ஆரம்பித்து, பிறகு கணினிக்கு மாறியவள். முன்பு அவள் இருந்த கடையின் சொந்தக்காரர், இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதற்காக, அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் இயந்திரத்தைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. மஹீரா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் இயந்திரத்தைத் துடைத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஆறு வருடம் கழித்து அவர் மாடி எழுப்பினார். தெருப்பக்கம் நாலடி நீட்டிப் பால்கனியும் விட்டார். அன்று சாயங்காலமே மஹீரா ஒரு தகவல் உரிமை மனு அடித்தாள். பதில் வராததால் இன்னொன்று. பதினோராவது மனுவுக்குப் பிறகு நகராட்சி ஆட்கள் வந்து பால்கனியை இடித்தார்கள். அவள் எதிர் டீக்கடையில் நின்று ஒரு டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"நான் மறந்துருப்பேன்னு நெனச்சாரு," என்று மட்டும் டீக்கடைக்காரரிடம் சொன்னாள்.

அத்தாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபது வயது, தம்பி முஸ்தகீமுக்கு எட்டு. அவனுக்குத் தலைவாரி, டிபன் கட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இருபத்திரண்டில் ஷவுகத் அலி என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். மூன்றாம் மாதம் அவர், தம்பியை ஏதாவது விடுதியில் சேர்த்துவிடலாமே என்றார். மறுநாள் காலை ஒரு கையில் பெட்டியையும் இன்னொரு கையில் முஸ்தகீமையும் பிடித்துக்கொண்டு பழைய வீட்டுக்கே வந்துவிட்டாள். பிறகு எத்தனையோ பேர் சமரசம் பேசிப் பார்த்தார்கள். அந்தப் பெயரையே அதற்குப் பிறகு அவள் உச்சரிக்கவில்லை.

முஸ்தகீம் வளர்ந்து கல்யாண மேடை அலங்காரத் தொழிலுக்குப் போனான். தெர்மாகோலில் மணமக்கள் பெயர் வெட்டுவதில் பூந்தமல்லி முதல் திருவேற்காடு வரை அவனுக்கு ஈடு இல்லை என்பார்கள். பென்சிலால் வரைந்துகொள்ளவே மாட்டான். கத்தியை வைத்தால் 'ழ' தானாகச் சுழிந்துகொண்டு வெளியே வரும். எந்த மண்டபத்திலாவது அவன் வெட்டிய பெயரைப் பார்த்தால் மஹீரா படியில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

2022 ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நூம்பலில் ஒரு மண்டபத்தில் சேக்காடு ஊர்க் குடும்பம் ஒன்றின் கல்யாணம். பெண்ணுக்கு இரண்டு அண்ணன்மார். மூத்தவர் ஜெயராமன், கட்டட ஒப்பந்ததாரர், உள்ளூர்க் கட்சிக்காரர். இளையவன் திருமுருகன் ராணுவத்தில் நாயக் என்ற கீழ்நிலைப் பதவியில் இருந்தான். வடக்கே பணியிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். வாசலில் இருபதடி பேனர் வைத்திருந்தார்கள். அதில் மணமக்கள் ஓரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சீருடையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திருமுருகன். "13 ஆண்டுகள் தேசப் பணியில் எங்கள் சிங்கம்" என்ற வரிக்குக் கீழே அவனுடைய படைப்பிரிவின் பெயரும் போட்டிருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் பேண்டு வாத்தியத்தோடு ஆண்கள் முன்வாசலுக்கு வந்தார்கள். திருமுருகன் இடுப்பிலிருந்து ஒரு ரிவால்வரை எடுத்தான். அரசாங்கத் துப்பாக்கி அல்ல. வடக்கே ஒரு மாவட்டத்தில் சொந்தமாக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி. எந்த மாவட்டம் என்பதை முதல் நாளிலிருந்தே பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "அங்க வடக்கே எல்லாம் கல்யாணம்னா இப்படித்தான் மாமே!" என்று வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டான். கைதட்டினார்கள். இரண்டாவது முறையும் சுட்டான். மூன்றாவது முறை சுடும்போது யாரோ செல்ஃபிக்காகத் தோளில் கைபோட்டு இழுக்க, அவன் கை தாழ்ந்தது.

முஸ்தகீம் நுழைவாயில் வளைவின் மேல், ஏணியில் நின்று, காற்றில் தளர்ந்த பெயர்ப்பலகையை வலது கையால் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். குண்டு மணிக்கட்டைத் துளைத்துக்கொண்டு போனது. அவன் விழுந்ததைப் பார்த்தவர்கள் ஏணி வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பேண்டுக்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

மஹீரா அரசு மருத்துவமனைக்கு ஓடிவந்தபோது தம்பி அறுவை சிகிச்சை அறையில் இருந்தான். வராந்தாவில் பட்டு வேட்டியோடு ஜெயராமன் நின்றிருந்தார்.

"இந்தாம்மா, நடந்தது நடந்துபோச்சு. பட்டாசு வெடிச்சுதுன்னு எழுதிக் குடுத்துகீறேன். நீயும் அப்படியே சொல்லிடு. வைத்தியத்துக்கு நாங்க கூட நிக்கறோம்."

"பட்டாசு இல்லியே."

ஜெயராமன் குரலைத் தாழ்த்தினார். "என் தம்பி பார்டர்ல நின்னுகினு கீறவன். பாய் ஊட்டுப் பொண்ணு ஒண்ணு பட்டாளத்துக்காரன் மேல கேஸ் குடுத்துச்சுன்னு ஊர்ல பேராவும். உனக்கு அது தேவையா? யோசிச்சுக்கோ."

மஹீரா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உங்க பேரு இன்னா?"

"ஜெயராமன்."

"இனிஷியல்?"

அவர் சிரித்துவிட்டார். "கே. எதுக்கு?"

"சும்மாதான்," என்றாள்.

மறுநாள் காவல் நிலையத்தில் அவளுக்குக் கொடுத்த ரசீதில் 'பட்டாசு விபத்து' என்று எழுதியிருந்தது. துப்பாக்கி என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதும், மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சலித்துக்கொண்டார். "மிலிட்டரிக்காரங்க துப்பாக்கி வெச்சிருக்கறது சகஜம்மா. அவங்களுக்கெல்லாம் ரூல் வேற."

மஹீரா ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ரூல் வேறு என்றால் அந்த வேறு ரூல் எங்காவது அச்சடித்து இருக்கத்தானே வேண்டும்? அச்சடித்த எதையும் அவளால் படிக்க முடியும்.

கடைக்கு மேல்மாடியில் தமிழ்வாணன் என்று ஒரு வக்கீல். அவருடைய அலமாரியில் ஆயுதச் சட்டமும் விதிகளும் அடங்கிய புத்தகம் இருந்தது. மஹீரா அதை வாங்கிவந்து ஒன்பது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். தெரியாத ஆங்கிலச் சொற்களை ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு சாயங்காலம் தமிழ்வாணனிடம் கேட்டாள். நாலாவது நாளிலிருந்து அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை அவர் கவனித்தார். பசித்தவன் சோற்று வாசனை பிடித்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

ரூல் வேறாக இல்லை. சிப்பாய்க்குச் சட்டம் தரும் விலக்கு அவன் பணிக்காகச் சுமக்கும் அரசாங்க ஆயுதத்துக்கு மட்டும்தான். சொந்தமாக வாங்கிய ரிவால்வரோடு விடுப்பில் வீட்டுக்கு வந்தவன் லைசென்ஸ் வைத்திருக்கும் மற்ற எவரையும் போலத்தான். திருவிழா, ஊர்வலம், மக்கள் கூடும் இடம் எதற்கும் அதை எடுத்துப் போகக் கூடாது என்பது லைசென்ஸின் நிபந்தனை. கொண்டாட்டத்துக்காகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது தனிக் குற்றம். சில வருடங்களுக்கு முன்புதான் அந்தப் பிரிவைச் சேர்த்திருந்தார்கள்.

"இதுக்கு மேல இன்னொண்ணும் கீதும்மா," என்றார் தமிழ்வாணன். அவருடைய மாமா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். "சொந்தத் துப்பாக்கி வெச்சுக்கினு கீற சிப்பாய், அத யூனிட்டோட ஆயுத அறையிலதான் குடுத்து வெக்கணும். கோத்னு சொல்லுவாங்க. லீவுல எடுத்துனு போகணும்னா கமாண்டிங் ஆபீசர் எழுத்துல அனுமதி குடுக்கணும். கோர்ட்டுல நாம வருஷக்கணக்கா நடக்கணும். யூனிட் அப்படி இல்ல. பொய் சொல்லிட்டு எடுத்துனு வந்திருந்தான்னா வேலையே போவும்."

"பென்ஷன்?"

"பதினஞ்சு வருஷம் முடிச்சாத்தான்."

தம்பியின் சாமான்களை எடுக்க மண்டபத்துக்குப் போனபோது பேனரில் பெரிய எழுத்தில் பார்த்த பதின்மூன்று மஹீராவுக்கு நினைவு வந்தது.

அந்த பேனரை அச்சிட்ட கடையில் போய், அதே வடிவமைப்பை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டாள். இடுப்பில் உறையோடு ரிவால்வர் அதில் தெளிவாகத் தெரிந்தது. படைப்பிரிவின் பெயரும் கிடைத்தது. இனி வேண்டியது அன்றைய வீடியோ. அதை எடுத்தவன் கார்த்திகேசன், முஸ்தகீமோடு முப்பது நாற்பது கல்யாணத்தில் சேர்ந்து வேலை பார்த்தவன். மஹீரா ஸ்டூடியோவுக்குப் போனதும் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, கார்டே அவங்க வாங்கிகினு போய்ட்டாங்க. சத்தியமா என்னாண்ட ஒண்ணும் இல்ல."

"சரி. தம்பியப் பாக்க வந்தியா?"

அவன் கேமரா பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"வலது கையில ரெண்டு வெரலு மடங்கவே மடங்காதாம். டாக்டர் சொல்லிட்டாரு. அவன் முன்னாடி நின்னு 'பட்டாசுதான் வெடிச்சுது முஸ்தகீமு'ன்னு ஒரு தடவ சொல்லிட்டுப் போ. உன்ன நான் ஒண்ணும் கேக்கல."

கார்த்திகேசன் அவள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்து, ஒரு பென்டிரைவை விசைப்பலகை மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். ஆல்பத்துக்காக நகல் எடுத்து வைத்திருந்திருக்கிறான். மஹீரா அதை ஓட்டிப் பார்த்தாள். மூன்று சத்தம். மூன்றாவதில் தாழும் கை. அதே காட்சியின் ஓரத்தில் ஏணியிலிருந்து சரியும் தம்பி. அவள் அதை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தாள். அழுகை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் திருமுருகனின் சிரித்த முகத்தைத்தான் பார்த்தாள்.

மூன்று கடிதங்கள் அடித்தாள். ஒன்று ஆவடி கமிஷனர் அலுவலகத்துக்கு, ஒன்று லைசென்ஸ் கொடுத்த வடக்கு மாவட்டத்துக்கு, ஒன்று படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசருக்கு. மூன்றோடும் வீடியோ, பேனர் படம், கையில் ஈயத் துகள் தெரியும் எக்ஸ்ரே எல்லாம் வைத்தாள். இருபது வருடமாக அடுத்தவர்களுக்கு அவள் அடித்த எல்லா மனுக்களும் 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்றுதான் முடியும். இந்த மூன்றிலும் அந்த வரி இல்லை.

கமிஷனர் அலுவலகத்துக்குப் போன கடிதத்தால் பட்டாசு வழக்கு துப்பாக்கி வழக்காக மாறியது. ரிவால்வரைக் கைப்பற்றினார்கள். படைப்பிரிவிலிருந்து நாற்பது நாள் எதுவும் வரவில்லை. அப்புறம் ஒரு காலையில் இரண்டு ராணுவத்தார் வீட்டுக்கே வந்து முஸ்தகீமிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அவர்கள் பேச்சிலிருந்து மஹீராவுக்கு ஒரு விஷயம் புரிந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி ரிவால்வரைக் கோத்திலிருந்து வெளியே எடுத்த திருமுருகன், அதைத் திரும்ப வைக்காமலே விடுப்பில் கிளம்பியிருந்தான். விடுப்புச் சீட்டில் துப்பாக்கி எண் இல்லை. அனுமதியும் இல்லை.

அன்றைக்கு அவள் ஆட்டுக்கறி வாங்கிக் குழம்பு வைத்தாள். தம்பிக்கு ஊட்டிவிட்டுத் தானும் வயிறாரச் சாப்பிட்டாள்.

மாசி மாதம், பட்டப்பகலில், திருமுருகன் அவள் கடைக்கு வந்தான். சீருடை இல்லாமல் பார்க்க இளைத்துத் தெரிந்தான்.

"அக்கா, நான் திருமுருகன்."

"உக்காருங்க. இந்தப் பக்கத்த முடிச்சிடறேன்."

அவள் அந்தப் பக்கத்தை முடித்து, அடுத்ததையும் முடித்து, அதற்கப்புறம் திரும்பினாள்.

"விசாரணை நடக்குதுக்கா. எங்கண்ணன் சொல்லிக்குடுத்த மாதிரி பட்டாசுன்னே அங்கயும் சொல்லிட்டேன். வீடியோவப் போட்டுக் காட்டிட்டாங்க. பொய் சொன்னதுதான் இப்போ பெருசா நிக்குது. நீங்க ஒரு சமாதானக் கடுதாசி குடுத்தீங்கன்னா..."

"பென்ஷனுக்கு இன்னும் எத்தினி மாசம்?"

"பதினாலு."

"எந்தக் கையால சுட்டீங்க?"

அவன் தலை குனிந்தான். "வலது."

மஹீரா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் தள்ளினாள். "எடது கையால உங்க பேர எழுதுங்க."

எதற்கு என்று கேட்காமல் எழுதினான். 'திரு' என்பதற்குள் எழுத்து கோணிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டது. பாதியில் நிறுத்தினான்.

"முழுசா எழுதுங்க."

எழுதி முடித்தான்.

"என் தம்பி அஞ்சு மாசமா இப்படித்தான் எழுதிகினு கீறான்," என்றாள் மஹீரா. "சமாதானம் கெடையாது. நெசத்த மட்டும் சொல்லுங்க, அடிச்சுத் தர்றேன். கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போட்டா உங்களுக்கு நல்லது நடக்கும்னு நான் சொல்லமாட்டேன். நடக்கக் கூடாதுன்னுதான் எனக்கு ஆசை."

அவன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அப்புறம் சொல்ல ஆரம்பித்தான். எங்கே நின்றான், எத்தனை குண்டு, ரிவால்வரை எப்படி வெளியே எடுத்தான், யாருக்குக் காட்டுவதற்காக எடுத்துவந்தான், எல்லாம். "பதிமூணு வருஷம் ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லாரும் சரக்கு பாட்டிலு கேப்பாங்களே தவிர, என்ன ஒரு ஆளா மதிச்சதில்லக்கா. அன்னிக்குத்தான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க." அந்த வரியை மஹீரா அடிக்கவில்லை.

"பட்டாசுன்னு சொல்லச் சொன்னது யாருன்னு இன்னும் வரலியே."

"அது வேணாங்க்கா. கூடப்பொறந்தவரு."

"ஏணியில நின்னவனும் கூடப்பொறந்தவன்தான்."

கடைசியில் சொன்னான். மஹீரா விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி 'கே. ஜெயராமன்' என்று அடித்தாள். இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று அவனிடமே கேட்டு உறுதி செய்துகொண்டாள். அவன் கையெழுத்துப் போட்டான். போகும்போது வாசலில் நின்று, முஸ்தகீமை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டான். "வேணாம்," என்றாள்.

இதைக் கேட்டபோது முஸ்தகீமுக்கு வந்த கோபத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

"மன்னிப்பு கேக்க வந்தவன என்னாண்ட உடாம நீ எப்படி தொரத்தலாம்? சுட்டது என் கையக்கா. உன் கைய இல்ல."

"எட்டு வயசுலேர்ந்து அது என் கைதான்."

"போதும்க்கா, உட்டுடு. அவன் என்னப் பாத்தா சுட்டான்? முட்டாப்பய, பந்தா காட்டினான். அவன் மேல எனக்கே இவ்ளோ ஆத்திரம் இல்ல."

"உனக்கு இல்ல. அதனாலதான் எனக்கு வேண்டிகீது," என்றாள் மஹீரா.

திருமுருகன் கையெழுத்திட்ட தாளை மறுநாளே மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினாள். அடுத்த ஆடி மாதம் அவனைப் படையிலிருந்து நீக்கினார்கள். பதினைந்து வருடத்துக்கு ஒன்பது மாதம் மிச்சம் இருந்தது. லைசென்ஸ் ரத்தானது. துப்பாக்கிச் சூட்டை மறைக்கப் பொய்த் தகவல் கொடுத்ததாக ஜெயராமன் பெயரும் வழக்கில் சேர்ந்தது. கட்சியில் இருந்த பொறுப்பை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் பூந்தமல்லி நீதிமன்ற வாசலில் பெயர் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். மஹீரா கடைக்குள்ளிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியும். வெயிலில் அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வதை வேலைக்கு நடுவே பார்த்துக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் அடித்த மனுக்களில் ஒரு பிழைகூட இருக்காது.

திருமுருகனின் நீக்க உத்தரவு பற்றித் தமிழ்வாணன் சொன்ன அன்று, பரிதாபமாக இருக்கிறதா என்று அவளைக் கேட்டாராம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல சார். இன்னும் எதாவது மிச்சம் கீதான்னுதான் பாக்கறேன்," என்றாளாம்.

முஸ்தகீம் இடது கையால் வெட்டப் பழகிக்கொண்டான். எழுத்துகள் முன்னைப் போல இல்லை. முரடாக, பெரிதாக வருகின்றன. ஆனாலும் வேலை கிடைக்கிறது. கல்யாணமும் ஆனது. மனைவி ரூஹியோடு அண்ணனூரில் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அக்காவோடு சண்டை என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போன் பண்ணுவான். உடம்பைக் கேட்பான். வழக்கைப் பற்றிக் கேட்க மாட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தால் "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவான். அவன் வெட்டிய பலகைகள் இருக்கும் மண்டபங்களின் வழியாக அவள் இப்போது போவதில்லை.

போன வருடம் வேலப்பன்சாவடிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் திருமுருகன் காவலாளியாகச் சேர்ந்தான். சொந்தத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தாருக்கு வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் நல்ல வேலை உண்டு. அவனுக்கு லைசென்ஸ் இல்லை. முன்னாள் ராணுவத்தான் என்று சொல்லிக்கொள்ளக் காகிதமும் இல்லை. நீலச் சட்டையும் ஒரு பிரம்பும் கொடுத்திருக்கிறார்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்களின் கார்கள் வரும்போது தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடுகிறான்.

மஹீராவின் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் அந்தக் குடியிருப்பு இல்லை. அது எதிர்த்திசை. ஆனாலும் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போய் இறங்கி, அந்த வாசலைக் கடந்து ஒரு நடை நடந்துவிட்டு, வேறு ஆட்டோவில் கடைக்கு வருகிறாள். நின்று பார்ப்பதில்லை, பேசுவதில்லை. அவள் வருவதைப் பார்த்ததும் அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பான். ஆரம்பத்தில் "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். இப்போது வெறுமனே எழுந்து நிற்கிறான். அவள் தெருமுனை திரும்பும்வரை உட்கார்வதில்லை.

இது எப்படியோ முஸ்தகீம் காதுக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை போனில் கேட்டான்.

"அங்க எதுக்குக்கா போற?"

மஹீரா அடித்து முடித்த தாள்களை எடுத்து அடுக்கினாள்.

"எத்தினி நாளைக்குப் போவே?"

"தெரியல," என்றாள். அது உண்மைதான். தனக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மறுமுனையில் அவன் போனை வைத்தான். திங்கட்கிழமை காலை அவள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி, வேலப்பன்சாவடி போகும் ஆட்டோவில் ஏறினாள்.